ஒரே ஒரு ரிங்

பள்ளத்தூரிலிருந்து வந்த டவுன் பஸ் காரைக்குடியில் நின்றதும், கண்டக்டர் வீரையா வழக்கம்போல வாயைக் கிளறினார்.

"கூட்டாளி எங்க டீச்சர்? இன்னைக்கும் ஒத்தையாவா வாரீக?"

சுபலட்சுமி சிரித்து மழுப்பிவிட்டு இறங்கினாள். மூன்று வருஷமாக அதே கேள்வி. மனிதருக்கு அலுக்கவே இல்லை.

முன்பெல்லாம் பக்கத்து இருக்கையில் சினேகா இருப்பாள். இருவரும் பள்ளத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர்கள். பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது, "ரீச் ஆனதும் ஒரு ரிங் விடுடி" என்பாள் ஒருத்தி. வீடு சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். மற்றவள் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போய்விடும். பேச்சு இலவசமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என்ன சுகமான நாட்கள் அவை!

அப்புறம் மாறுதல் கலந்தாய்வு வந்தது. காரைக்குடியில் ஒரே ஓர் இடம். சீனியாரிட்டியில் முன்னால் இருந்த சினேகா அதை எடுத்துக்கொண்டாள். முறைப்படி சரிதான், ஆனால் சுபலட்சுமிக்கு மனசு ஆறவில்லை. அதன் பிறகும் ஒரு மாதம், தினமும் ஆறு மணிக்கு சினேகாவிடமிருந்து அந்த ஒற்றை ரிங் வந்தது. இவள் வீம்புக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருநாள் அது நின்றுபோனது. வீம்பு என்ன சோறா போட்டது?

இன்று ஸ்டாஃப் ரூமில் ஒரு செய்தி. நாளைக் காலை சினேகா குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கே போகிறாளாம்.

வீட்டுக்கு வந்தவள் மறுநாள் பாடத்துக்காக அகராதியை விரித்தாள். பாடமும் 'ரீச்' என்ற வினைச்சொல்தான். எட்டுவது, போய்ச் சேர்வது, தொடர்புகொள்வது என்று பொருள்கள் வரிசையாக நின்றன. அடியில் பொடி எழுத்தில் சொல் பிறந்த கதை. ஆதியில் அதற்குக் கையை நீட்டுவது என்றுதான் பொருளாம். போய்ச் சேர்வதெல்லாம் பின்னால் வந்தது.

இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு மாதமும் சினேகா கையை நீட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். இவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

மணி ஆறு. போனை எடுத்தாள். நம்பரையே அழித்திருப்பாளோ? ஒரு ரிங் போனது. வைப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஏன்டி எடுத்த? காசு போயிருமே!" பழைய பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்கு ரீச் ஆக உனக்கு மூணு வருஷமாடி?" என்றாள் சினேகா.