அந்தரத்தில் ஒரு படிக்கட்டு

“காலேஜ்ல சேர்த்துவிட்டது கம்பத்துல ஏறி உட்காரவா, எவனாவது கேட்டா நான் என்னன்னு—” “கம்பம் இல்லப்பா, கிரேன், எத்தனை தடவை சொல்—” “கிரேனோ கிணறோ, கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம்—” “பதில் சொல்லத்தானே வாயைத் திறக்கறேன், விட்டாத்தானே—” “அப்ப என் வீட்டுல நான் பேசக் கூடாதா—” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது எனக்கு இவர் வாக்கியத்தின் தலையும் மகள் வாக்கியத்தின் வாலும்தான் காதில் விழும், நடுவில் பாலைப் பார்க்க வேண்டும், அடுப்பைத் தணிக்க வேண்டும், ஆனாலும் ஒரு வரிகூடத் தப்பாது, ஒரு மாதமாக அதே வரிகள்தானே... இவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர், நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் இரண்டுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டே சண்டை போடுகிறார், அவள் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு காலணியின் கயிற்றை இறுக்குகிறாள், அது காலணியா, இரும்புப் பெட்டியா, வாசலில் தடுக்கி என் விரல் போனதுதான் மிச்சம். “என் முட்டியைப் பாரு. இந்த ஊர்ல பாதிப் பேரு நடக்கற தரை இந்த முட்டி போட்டது.” “அதைத்தான்ப்பா நானும் சொல்றேன், நீங்க செஞ்சதுமேலதான் எல்லாரும் நடக்கறாங்க.” “நடக்கறவளா இருடீன்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன்.” “நான் நடக்கவும் இல்ல, மண்டி போடவும் இல்ல, எல்லாருக்கும் மேல உட்கார்ந்திருக்கேன்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கரண்டியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், இவர் பார்த்துவிட்டார், “சிரி, நீயும் சிரி, பட்டதாரி அம்மாவுக்கு எல்லாம் சிரிப்பு” என்றார். அதற்கப்புறம்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள், வாயில் ரொட்டியோடு, ஏதோ கடையில் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்பதுபோல: “அம்மா இன்னிக்கு வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இறங்கிடறேன். திங்கக்கிழமை காலேஜுக்குப் போயிடறேன்.” திங்கள்கிழமை போகாவிட்டால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள், அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இவர் தைலக் குப்பியை மூடினார். “சரி. அவ சொல்றதுதான்.” ஒரு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடினார்கள், மூடிவிட்டு என்னைப் பார்த்தார்கள், பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

எதற்கு என் தலையில் கட்டினார்கள், நான் என்ன நீதிபதியா, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொள்கிறேன், ஆய்வகத்தில் மதியம் வரை விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், காரணம் கேட்டார்கள், மகள் வேலை செய்யும் இடத்துக்குப் போகிறேன் என்றேன், என்ன வேலை என்றார்கள், கட்டட வேலை என்றேன், ஓ இன்ஜினியரா என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலை மட்டும் எப்படியோ ஆடியது. இன்ஜினியர்தான் ஆகியிருக்க வேண்டும், கட்டடப் பொறியியல், மூன்றாம் வருஷம், பயிற்சிக்கு என்று எல்லோரையும் ஒரு கட்டுமான இடத்துக்கு அனுப்பினார்கள், மற்ற பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள், இவள் கிரேன் ஆபரேட்டரைக் கெஞ்சி ஏணி ஏறினாள், உடம்பு இறங்கி வந்தது, மனசு இறங்கவே இல்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, எல்லாம் ஆன பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள், கள்ளி... இவர் கோபத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க இவர் படும் பாட்டை இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் படுத்துப் பார்ப்பவள் நான், முதலில் ஒரு கால், அப்புறம் கட்டில் சட்டத்தில் கை, அப்புறம் ஒரு முனகல், அப்புறம்தான் மனிதர், உடம்பை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு உடம்பு தீர்ந்தால் என்ன இருக்கிறது என்று கேட்கிறார், அதற்கு என்ன பதில்? எனக்கு முட்டி வலிக்கவில்லை, நான் நாற்காலியில் உட்கார்ந்து ஊருக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கிறேன், அந்த நாற்காலியைக் கொடுத்தது கல்லூரிதான். நாற்காலி மட்டுமா... முதல் வருஷம், முதல் வாரம், குட்டையிலிருந்து எடுத்த ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார் என்றார்கள், பார்த்தேன், உள்ளே ஒரு ஊரே திரிந்துகொண்டிருந்தது, ஒன்று செருப்பு மாதிரி, ஒன்று மணி மாதிரி, ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு... எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் இடித்தாள், நகர மாட்டேன் என்றேன், வாத்தியார் வந்து தோளைத் தட்டும்வரை நகரவில்லை. கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் ஒரு சொட்டை வெறும் சொட்டு என்றே நினைத்துச் செத்திருப்பேன், அதை இவளுக்கு எப்படிச் சொல்வது, இவளுக்கும் அப்படி ஒரு நிமிஷம் கல்லூரியில் கிடைக்கட்டும் என்றுதானே அனுப்பினேன், விடுதியிலிருந்து பேசினால் ம் என்பாள், சாப்பிட்டியா, ம், வகுப்பு எப்படி, ம், இரண்டு வருஷமாக ம்... இப்போது வாயை மூடுவதே இல்லை, காற்றைப் பற்றிப் பேசுகிறாள், காற்றுக்கு மேலே ஒரு குணம், கீழே ஒரு குணமாம், “வேலை முடிஞ்சு இறங்கும்போது கையைப் பூட்டி வைக்க மாட்டோம்மா, காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும்னு விட்டுடுவோம், பூட்டி வெச்சாத்தான் ஆபத்து” என்றாள் ஒருநாள், சாம்பார் கரண்டியைக் கிரேனின் கை மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு, மேஜையெல்லாம் சொட்டியது. வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, சொல்லிவிட்டால் வீட்டில் அமைதி, இவர் முகத்தில் சிரிப்பு, அவள் முகத்தில்... அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள், அதுதான் பயம், போய்விடுவாள், போய் மறுபடியும் ம் என்பாள்.

வாசலில் காவலாளி, “தொப்பி போடாம உள்ள விட மாட்டேன்” என்று ஒரு வெள்ளைத் தொப்பியை நீட்டினார், போட்டேன், கொண்டைமேல் அது ஆடு மேய்ப்பவர் குடை மாதிரி நின்றது, “கொண்டையை அவிழ்த்துடுங்கம்மா, உயிரா கொண்டையா?” என்று கேட்டார், ஐம்பது வயதுக்கு மேல் நடுத்தெருவில் கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள், என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள், மஞ்சள் மேல்சட்டை, தோளில் வாக்கிடாக்கி, சந்தையே திரும்பிப் பார்க்கும் குரல், “வாங்கக்கா, பொண்ணு சொல்லிச்சு, இந்தக் கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க, தாண்டி வராதீங்க.” மேலே இருப்பவருக்குக் கீழிருந்து கை அசைத்துத் தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்வது அவள் வேலை, அங்கே எல்லோரும் அவளைக் கைகாட்டி என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். “எங்க இருக்கா?” என்றேன். அவள் மோவாயை மட்டும் உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன், உயர்த்தினேன், கழுத்து இதற்கு மேல் வளையாது என்கிற இடம் வந்தும் கிரேனின் கோபுரம் முடியவில்லை, பின்வாங்கி இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு பார்த்தேன், அங்கே, வானத்தில், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியில் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு புள்ளி. நான் பெற்றது. அந்தப் புள்ளிக்குத்தான் காலையில் தலை வாரிக்கொள்ளவில்லை என்று திட்டினேனா... “எப்படி ஏறுவா?” “ஏணிதான்க்கா, உள்ளுக்குள்ளயே ஏணி.” “சாப்பாடு?” “மேலயே.” “அப்புறம்... மத்தது?” ஒரு மாதமாக மகளிடம் கேட்க வாய் வராத கேள்வி. கைகாட்டி சிரித்த சிரிப்பில் இரண்டு கொத்தனார்கள் திரும்பினார்கள், “எல்லா அம்மாவும் முதல்ல இதைத்தான் கேக்கறாங்க, அதுக்கும் வழி வெச்சிருக்கோம், கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் போகும்போதே கிரேனின் அந்தப் பெரிய கை, தெருவைவிட நீளமான கை, சத்தமே இல்லாமல் திரும்ப ஆரம்பித்தது, என் வீட்டில் கதவு திறந்தால் இதைவிடச் சத்தம் கேட்கும்.

கீழே ஒரு படிக்கட்டு படுத்திருந்தது. முழுப் படிக்கட்டு, தரையிலேயே வார்த்து வைத்தது, இவ்வளவு நாளாக வீடு கட்டினால் படியை அங்கங்கே கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன், இவர்கள் செய்து வைத்துக்கொண்டு தூக்கிப் பொருத்துகிறார்களாம், வரப்போவது ஆஸ்பத்திரி, எத்தனை பேர் ஏறப்போகும் படி. நாலு மூலையில் சங்கிலி மாட்டினார்கள், எல்லோரும் விலகினார்கள், கைகாட்டி ஒரு கையை உயர்த்தி ஆள்காட்டி விரலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள், காபியைக் கலக்குகிற மாதிரி, அவ்வளவுதான், படிக்கட்டு எழுந்தது. எழுந்தது என்றால்... மண்ணிலிருந்து முதலில் ஒரு விரல் அளவு, அங்கே நின்று யோசிப்பதுபோல, கனத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல நின்றது, தூங்கும் பிள்ளையை மடியிலிருந்து தூக்கும்போது முழிக்கிறதா என்று நாம் ஒரு கணம் நிற்போமே, அப்படி, அப்புறம் போயிற்று, மேலே, மேலே, யார் காலும் படாத படிகள் ஒவ்வொன்றாக வெயிலில் தெரிய, எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு, ஒரு பறவை அதற்குக் குறுக்கே போயிற்று, கொத்தனார்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை, எப்படிப் பார்க்காமல் இருக்கிறார்கள்? நான் அங்கிருந்து நகரவில்லை, பயமா, பயம் இல்லை, இது எனக்குத் தெரியும், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நகர மாட்டேன் என்று நின்றேனே, அதேதான், எனக்குக் குனிந்து பார்த்தபோது கிடைத்தது இவளுக்கு ஏறிப் பார்த்தபோது... ஒருவேளை அவள் அந்த முதல் நாள் ஏணி உச்சியில் நின்று நகர மாட்டேன் என்று சொன்னாளோ, அங்கே தோளைத் தட்ட எந்த வாத்தியாரும் இல்லையோ. அதற்காக மைக்ராஸ்கோப் பொய்யாகிவிடுமா? அவள் மூன்றாம் வருஷத்தோடு விட்ட புத்தகத்தில்தான் இந்தச் சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒரே தலையில் இருந்தால் என்ன, ஏன் ஒன்றை வெட்டித்தான் இன்னொன்றை நட வேண்டும், யார் வைத்த சட்டம், திங்கள்கிழமைக்கு என்ன அவ்வளவு அவசரம்... இவர் இங்கே நின்றிருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்த மனிதர், ஒருநாள் அண்ணாந்து பார்த்திருக்கலாம். படிக்கட்டு ஆறாவது மாடியைத் தாண்டியது, தீப்பெட்டிக்குள் புள்ளி அசைந்தது, என் பக்கம் திரும்பிவிட்டாள், வெள்ளைத் தொப்பியைக் கண்டுகொண்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை தானாக எழுந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன், பள்ளிக்கூட வாசலில் மகளைக் கண்டுவிட்ட அம்மா மாதிரி, இங்கே, இங்கே...

படிக்கட்டு நின்றது. அந்தரத்தில், சடக்கென்று. நின்ற வேகத்தில் ஒருபக்கம் ஊசலாடியது, அத்தனை பெரிய கனம், கொத்தனார்கள் கையில் தேநீர் அப்படியே நின்றது, படிக்கட்டு போன பக்கமே அந்த நீளக் கையும் மெல்லப் போயிற்று, துரத்தவில்லை, கூடவே போய் ஆட்டத்தை வாங்கிக்கொண்டது, இன்னொரு தடவை இந்தப் பக்கம், கொஞ்சம், அதைவிடக் கொஞ்சம், படிக்கட்டு சாந்தமாகிவிட்டது. அங்கே எதுவுமே அசையவில்லை. கைகாட்டி ஓடி வந்தாள், “என்னக்கா பார்த்தீங்க? சங்கிலியா? எங்க?” “நான் ஒண்ணும் பார்க்கலையே, சும்மா...” “சும்மாவா! ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினா நிறுத்துன்னு அர்த்தம்க்கா!” இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள், திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், பாதி சிரிப்பாகவே சொன்னாள், “தூக்கறது, இறக்கறது எல்லாம் நான் ஒருத்தி சொன்னாத்தான் செய்யும் உங்க பொண்ணு, முதலாளியே வந்து கையாட்டினாலும் கண்டுக்காது. நிறுத்துன்னு மட்டும் யார் வேணா சொல்லலாம், தேநீர் விக்கறவர் சொன்னாலும் நின்னுடணும். முதல்ல நிக்கணும், அப்புறம்தான் ஏன்னு கேக்கணும்.” நானா, என் இரண்டு கையா அதை நிறுத்தியது, சோதனைக் குழாயைத் தவிர வேறு கனம் தூக்காத கை, ஆஸ்பத்திரியின் படிக்கட்டையே வானத்தில் நிறுத்திவிட்டதே, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒருத்தியைப் பார்த்து ஆட்ட ஒரு கை போதும். இரண்டாவது கை எதற்கு எழுந்தது? கைகாட்டியின் தோளில் கரகரவென்று ஒரு குரல், அவள் கேட்டுவிட்டு வாக்கிடாக்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள், “நின்னுட்டுக் கேக்குது, நீங்களே சொல்லுங்க.” காற்றின் இரைச்சல் முதலில் வந்தது, அவள் சொன்ன அந்த மேல்காற்று, அதற்குள்ளிருந்து, காலையில் கத்தியவள்தானா என்று நினைக்கும்படி அவ்வளவு நிதானமாக,

“அம்மா... நிறுத்தச் சொன்னியா, இல்ல என்னைப் பார்த்துக் கையாட்டினியா?”