காந்தம் ஒட்டிய குழாய்

கடப்பாக்கத்தில் எல்லப்பனின் மீன்தூள் மில் ஓடவில்லை. மத்தி மலிந்து கரையில் கொட்டிக் கிடக்கிற நேரத்தில் ஓடவில்லை. காரணம் ஒரு குழாய். மீனை வேகவைத்துப் பிழிந்தால் வருகிற கொதிநீர், உப்பும் புளிப்புமாக, எந்த இரும்பையும் கரையான் மாதிரி உள்ளிருந்தே தின்றுவிடும். போன மாதம் குழாய் ஓட்டை விழுந்து சின்னப்பொண்ணின் தோளில் கொட்டியது. தோல் உரிந்தது. அன்றைக்கே, குழாய்க்குக் கீழே மேடையில் வெந்த மீனை வாருகிற பெண்கள் எல்லாரும், குழாயை மாற்றாமல் உள்ளே கால் வைக்க மாட்டோம் என்று வெளியேறினார்கள். எல்லப்பன் கெஞ்சவில்லை. கெஞ்சுவது அவருக்கு வராது.

புதுக் குழாயை வடிவமைத்தவள் அனு, செங்கல்பட்டு இஞ்சினீயர். முழுக்க எவர்சில்வரில் போடு என்றார் எல்லப்பன். சூடும் உப்பும் சேர்ந்தால் எவர்சில்வர் விரிசல் விடும் என்றாள் அவள். வெளியே அழுத்தம் தாங்கக் கெட்டி இரும்பு, உள்ளே நிக்கல் கலந்த மெல்லிய உறை, இரண்டும் பிரியாமல் ஒட்டியிருக்கும் என்றாள். படித்தவர்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டுவார்கள் என்பது அவர் எண்ணம். அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

குழாய் லாரியில் வந்து இறங்கியது. எல்லப்பன் மடியிலிருந்து காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் உடைத்தெடுத்தது. காயலான் கடை வைத்திருந்த காலத்திலிருந்து அதுதான் அவருக்கு நீதிபதி. ஒட்டினால் வெறும் இரும்பு, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. வெளிப்பக்கம் ஒட்டியது. அது சரி. குழாய்க்குள் கைவிட்டு வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒட்டியது.

"இன்னாமா இது? இரும்புக்குப் பாலிஷ் போட்டு ஏமாத்திகினு போலாம்னு பாத்தியா?"

உறை மெல்லியது, அதன் பின்னால் இருக்கிற இரும்புதான் இழுக்கிறது என்றாள் அனு. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

"அறுத்தா அவ்ளோதான் சார். உள்ள இருக்கிறதை அதுக்கான வெல்டிங் கம்பி வெச்சுத் தனியா சேக்கணும். இங்க அது நடக்காது. அறுத்த குழாய்க்கு நான் பொறுப்பில்ல."

"திருட்டுச் சரக்கு விக்கிறவன்தான் தொடாதேம்பான். மணி, கட்டரை எடுடா."

வெல்டர் மணி அறுத்தான். உடைத்த தேங்காய் போல வெளியே கறுத்த ஓடு, உள்ளே சுற்றிலும் வெள்ளைப் பருப்பு. எல்லப்பன் அரத்தால் சுரண்டினார், ஆணியால் நெம்பினார். உறை அசையவில்லை. அனு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஒட்டுடா என்றார் மணியிடம். அவன் கையில் இருந்த சாதாரண வெல்டிங் ராடால் வெளியே மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினான். உள்ளே உறை வெட்டுப்பட்ட இடம் சேராமல் அப்படியே கிடந்தது.

குழாய் வந்ததைக் கேட்டு மற்ற பெண்களோடு வந்து வாசலில் நின்றிருந்த சின்னப்பொண்ணு, கார் கதவைத் திறந்த அனுவை நிறுத்தினாள்.

"அதுக்குக் கீழ நீ நிப்பியா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அனு போய்விட்டாள்.

எல்லப்பனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குழாயை மாட்டச் சொன்னார், ஒரு வண்டி மத்தியைக் கொட்டி அடுப்பை மூட்டச் சொன்னார். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த ஒட்டுக்கு நேர் கீழே போய் நின்றார். கொதிநீர் தலைக்கு மேல் இரைந்து ஓடியது. ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்தீங்களாடி? ஒரு மசுரும் ஆவல. வந்து வேலையப் பாருங்க."

யாரும் நகரவில்லை. சின்னப்பொண்ணுதான் பேசினாள்.

"நீ இன்னிக்கு நின்ன மொதலாளி. நாங்க தெனைக்கும் நிக்கணும். அந்தத் தண்ணி ஒட்டு போட்ட எடத்த உள்ளயே தின்னுகினு இருக்கும். புட்டுக்கினு ஊத்துற அன்னிக்கு நீயா கீழ இருப்ப?"

பெண்கள் புதுப்பட்டினம் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். மேடையில் வெந்த மீன் குவிந்து வழிந்தது. எல்லப்பன் யாரையும் கூப்பிடவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தானே வார ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரலுக்கும் அவர் கண் ஒரு தரம் மேலே போய் வந்தது.