கீரி யாரைக் கும்பிடுது?

ஆவூர் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கும் திரையை வருஷா வருஷம் வரைகிறவள் ஷெரின். மாடு, கழுதை, ஆடு, ஒட்டகம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊரே வந்து வாயைப் பிளந்து பார்க்கும். திருநாள் முடிந்ததும் திரையைச் சுருட்டிச் சாமான் அறையில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதற்கு ரசிகர்கள் எலிகள்தான். தான் வரைந்த ஒன்றாவது வருஷம் பூராவும் யார் கையிலாவது இருக்கவேண்டும், அதை ஒரு குழந்தை எச்சில் தொட்டுப் புரட்டவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்குத் தீனி போட வந்தவள் ப்ரியங்கா. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண். சென்னையில் குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடுகிறாள். குடில் பார்க்க வந்தவள் குழந்தை இயேசுவை விட்டுவிட்டுக் கழுதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்மாயைச் சுற்றி வாழும் பிராணிகளைப் பற்றி ஒரு படப் புத்தகம் போடப்போவதாகவும், தான் எழுத ஷெரின் வரையவேண்டும் என்றும் சொன்னாள். கதையெல்லாம் கிடையாது. எது எதைத் தின்னும், எது எங்கே முட்டையிடும், எல்லாம் உள்ளது உள்ளபடி.

ஷெரின் ராப்பகலாக வரைந்தாள். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவன் சூசைராஜ் அத்தனை நாளும் ரசஞ்சோற்றையே தின்றுவிட்டு முணுமுணுக்காமல் இருந்தான். படங்களைப் போனில் எடுத்து அனுப்பிய மறுநாளே ப்ரியங்கா கூப்பிட்டாள்.

“படமெல்லாம் ரொம்ப அழகு, ஷெரின். ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கீரி யாரைக் கும்பிடுது?”

ஷெரின் படத்தை எடுத்துப் பார்த்தாள். கீரி பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து, கண்ணை மேலே உயர்த்தியிருந்தது. பக்கத்திலேயே பாம்பு பக்தியோடு தலை குனிந்திருந்தது. அடுத்த பக்கத்தில் எருமை மண்டியிட்டிருந்தது. தவளைகள் பூசைக்கு வந்த மாதிரி வரிசையில் நின்றன. எல்லாப் பக்கத்திலும் எல்லாப் பிராணிகளும் நடுவையே உருகி உருகிப் பார்த்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. குழந்தை இயேசுவின் சுரூபம் வைக்க இடம் விட்டு விட்டே பழகிய கை, கண்மாய்க்குள்ளும் இடம் விட்டிருந்தது.

“கண்மாய்க்கே ஞானஸ்நானம் குடுத்துட்டியே, புள்ள!” என்று சூசைராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷெரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மாசக் கடைசியில ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வாரேன்,” என்றாள் ப்ரியங்கா போனில். “அதுக்குள்ள மாத்திக் குடுத்தீங்கன்னா பார்ப்போம். இல்லேன்னா இங்க ஒரு ஆர்ட்டிஸ்ட் ரெடியா இருக்காரு. பிரிண்டுக்குப் போகணும், தப்பா நினைச்சுக்காதீங்க.”

மறுநாளிலிருந்து ஷெரின் விடியும்போதே கண்மாய்க்குப் போனாள். அங்கே ஒரு பிராணிக்கும் மட்டுமரியாதை தெரியவில்லை. கீரி வாலை மட்டும் காட்டிவிட்டுக் கருவைப் புதருக்குள் ஓடியது. எருமை பின்பக்கத்தை இவள் பக்கம் திருப்பி, நிதானமாகச் சாணி போட்டது. கொக்கு ஒன்று வெகுநேரம் அசையாமல் நின்றது. சாதுவாக இருக்கிறதே என்று இவள் பென்சிலை எடுத்தாள். சட்டென்று அது ஒரு தவளையைக் கவ்விவிட்டது. தவளையின் தலை உள்ளே போய்விட்டது, கால் இரண்டும் வெளியே உதைத்தன. “ச்சீ!” என்றாள் ஷெரின். ஆனால் கை நிற்கவில்லை, வரைந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளுக்கே கூசியது. கோயிலுக்கு வரைந்த கையால் சாணியையும் சாவையுமா கொடுப்பது? அந்தத் தாள்களைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பழைய படங்களையே தட்டிக்கொட்டிச் சரிசெய்தாள். கீரியின் கையைக் கீழே இறக்கினாள், எருமையை எழுப்பி நிறுத்தினாள், நடுவில் இருந்த காலி இடத்தில் தாமரைப் பூக்களாகப் போட்டு நிரப்பினாள்.

ப்ரியங்கா கல்யாணத்துப் பட்டுப்புடவையோடு காரில் வந்து இறங்கினாள். காபியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இல்லை.

“நல்லா இருக்குங்க,” என்று எழுந்தாள். “ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றேன்.”

சூசைராஜுக்கு முன்னால் ஷெரினைப் பெண் பார்க்க வந்தவர்களும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு இதையேதான் சொல்லிப் போனார்கள். அந்தத் தகவல் இன்னும் வந்தபாடில்லை.

“கொஞ்சம் இருங்க,” என்று ஷெரின் உள்ளே ஓடினாள். தரையில் படுத்துப் பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தாள்களை ஒட்டடையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். “இது சும்மா கண்மாய்க்கரையில கிறுக்குனது. அசிங்கமாத்தான் இருக்கும்.”

எருமையைப் பார்த்ததும் ப்ரியங்கா வாய்விட்டுச் சிரித்தாள். புதருக்குள் மறையும் கீரி வாலைத் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கொக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

“அய்யோ பாவம்,” என்று சூசைராஜ் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தான். “காலு இன்னும் ஒதைக்குது பாருங்க.”

ப்ரியங்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஆமா, ஒதைக்குது,” என்றாள். “ஆனா ஷெரின், குழந்தைங்க பயந்துக்க மாட்டாங்களா? தவளையை மட்டும் எடுத்துடலாமா?”

சரிங்க மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் புத்தகம் கையில். இத்தனை வருஷமாக ஃபாதர் முதல் பூசைக்கு உதவும் பீடப்பிள்ளைகள் வரை யார் எதை மாற்றச் சொன்னாலும் ஷெரின் மாற்றித்தான் பழக்கம். இப்போது வாய் வரவில்லை. அந்தத் தவளை உதைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டால் கொக்கு மறுபடியும் சும்மா நின்று சாமி கும்பிடத்தான் வேண்டும். புத்தகம் போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். சொல்லியும்விட்டாள்.

“தவளைதாங்க பயப்படணும். புள்ளைங்க எதுக்குங்க பயப்படணும்?”

ப்ரியங்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டுப்புடவை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்து, தாள்களை வரிசையாகப் பரப்ப ஆரம்பித்தாள். கல்யாண வீட்டிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“இங்கிட்டு வந்து உக்காருங்க, ஷெரின்,” என்றாள் தலையைத் தூக்காமல். “தவளையோட கால் ரெண்டும் பெருசாத் தெரியணும். கொக்குக்கு ரெண்டு பக்கம் விட்டுடுவோம்.”