கேட்டுச்சு

...நல்லாப் போச்சாம், எது நல்லாப் போச்சு, நாலு மணிக்கு நெருப்பு துரத்த இருபது பேர் நாக்குத் தள்ள மலைச்சரிவில் மேலே ஓடினோமே அதுவா, ஓடிவந்து எரிந்து முடிந்த கறுப்பு மண்ணில் விழுந்து எல்லாரும் இருக்கிறோமா என்று ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டோமே அதுவா... யெசேனியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வட்டத்தில் அடுத்தவனும் அதையேதான் சொல்கிறான், "நல்லாப் போச்சு ரஸ், தண்ணி மட்டும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்." தண்ணி! லாரியில் வரும்போது ரஸ்ஸின் பரம்பரையையே திட்டித் தீர்த்த வாய் இது, இப்போது தண்ணி பற்றிப் பேசுகிறது. இந்தக் குழுவில் இது சட்டம், நாள் முடிந்ததும் லாரிப் பக்கத்தில் வட்டமாக நிற்க வேண்டும், தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும், கவசத்தோடு பதவியும் இறங்கிவிட்டதாக அர்த்தம், அனுபவம் குறைந்தவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் பேசிவிட்டால் மற்றவர்களுக்கு வாய் வராது என்பதால். கடைசியாகப் பேசுகிறவர் ரஸ் டாலிவர், இருபது பேருக்கும் தலைவர், பத்தொன்பது கோடைகளாக ஐடஹோ மலைகளில் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டுகிற மனிதர், "இன்னைக்கு நான் எங்க கோட்டை விட்டேன், கூச்சப்படாம சொல்லுங்க" என்று தானே ஆரம்பித்து வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் நோட்டை எடுத்து, பேனாவோடு காத்திருப்பார். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது. முதல் வருடம் இதைப் பார்த்து அவள் அசந்துபோய்த்தான் இந்தக் குழுவிலேயே தங்கினாள்.

"வேற?" என்கிறார் ரஸ். வேற என்ன வேற, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை. இரண்டு மணிக்கு அவள்தான் ரேடியோவில் சொன்னாள், கீழே அவளும் அவள் பொறுப்பில் இருக்கிற ஆறு பேரும் கோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள், தீ தாண்டாமல் இருக்க மண் தெரியும்வரை சுரண்டிப் போடுகிற கோடு, முதுகு ஒடிகிற வேலை, நெருப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்ல மேட்டில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தார் ரஸ், ஆனால் புகை திரும்பிவிட்டது, அந்த மேட்டிலிருந்து கீழ்ப்பள்ளம் தெரிய வழியே இல்லை. ரஸ், மேல நிக்கிற ஆளுக்கு எங்களைத் தெரியல, அவனைக் கிழக்க நகர்த்துங்க என்றாள். பதில் வந்தது. "கேட்டுச்சு." அவ்வளவுதான். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஆள் நகரவில்லை, நான்கு மணிக்குப் பள்ளத்துக்குள்ளிருந்து நெருப்பு எழும்பி வந்தபோது அதை முதலில் பார்த்தது மேட்டில் நின்றவன் இல்லை, அவள்தான், தன் கண்ணால், நூறு அடிக்கு அப்பால். கேட்டுச்சு. காதில் விழுந்தது என்று அர்த்தம், செய்கிறேன் என்றா அர்த்தம், யார் சொன்னது அப்படி... இந்த மனிதர் எல்லாரையும் கேட்கிறார், சொன்னால் கேட்கிறது, சொன்னபடி மட்டும் கேட்பதில்லை. ஒரே சொல்லில் இத்தனை ஏமாற்று.

கல்லூரியில் இதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினாள், நல்ல தலைவர்கள் தமக்குக் கீழே இருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமா, வேண்டும் வேண்டும் என்று பன்னிரண்டு பக்கம், முழு மதிப்பெண் வாங்கினாள், அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. வெட்கக்கேடு. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டு பக்கமும் மிச்சம். யாக்கிமாவில் ஆப்பிள் பொட்டலம் கட்டுகிற கொட்டகையில் அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடம், வருடக் கடைசியில் மேலாளர் டோனட் வாங்கி வைத்து எல்லாரையும் உட்காரவைத்து, "ஏதாவது குறை இருக்கா?" என்பான், அம்மா இல்லை என்பாள், குளிர்ந்த தண்ணீரில் வெடித்த விரல்களை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இல்லை என்பாள். ஓபெலியா என்று ஒருத்தி மட்டும் எழுந்து, ஆப்பிள் வர்ற பட்டை ஓடுற இடத்துல வெளிச்சம் பத்தல, கண்ணு எரியுது என்றாளாம். கேட்டுக்கொண்டானாம், நன்றிகூடச் சொன்னானாம். அடுத்த அறுவடைக்கு ஓபெலியாவைக் கூப்பிடவில்லை. ஏம்மா நீ வாயைத் திறக்கல என்று பதினாலு வயதில் யெசேனியா அம்மாவிடம் கத்தியிருக்கிறாள், உனக்கு முதுகெலும்பே கெடையாதா என்று... சே, அதையெல்லாம் எதற்கு இப்போது. நாளை காலை ஆறு மணிக்கு இதே சரிவு, இதே பள்ளம், இப்போது யாரும் சொல்லாவிட்டால் அதே மேட்டில் அதே ஆள். அவள்தான் சொல்ல வேண்டும். செப்டம்பரில் அவளுக்கு நிரந்தர வேலை உண்டா இல்லையா என்று எழுதப்போகிற கை எதுவோ, அதே கைதான் அந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறது. போகட்டும். அவள் ஓபெலியாவாகவே இருந்துவிட்டுப் போகிறாள்.

"நல்லாப் போச்சு." "நல்லாப் போச்சு, ரொட்டிதான் காஞ்சு போச்சு." அடுத்தது அவள் முறை, வாயைத் திறந்துவிட்டாள், அதற்குள் ரஸ் கையைக் காட்டினார், "இரு யெசி, வெர்ன் வந்துட்டான்." மருந்துக் கூடாரத்திலிருந்து முழங்காலில் கட்டோடு நொண்டி நொண்டி வருகிறான் வெர்ன், அவளுடைய ஆள், நாற்பத்து மூன்று வயது, இருபது வருடம் கூரை வேலை பார்த்துவிட்டு இந்தக் கோடையில்தான் தீ வேலைக்கு வந்தவன், ஆகவே இந்த வட்டத்தில் எல்லாருக்கும் இளையவன், முதலில் பேசியிருக்க வேண்டியவன். அப்பாடா, வெர்ன் சொல்லுவான், வெர்னுக்கு வாய் உண்டு. வெர்ன் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான், வழுக்கையைத் தடவிக்கொண்டான். "எனக்கு ஒண்ணு இருக்கு. உங்களைப் பத்தி இல்ல ரஸ். என் பாஸ் பத்தி." யார், என்னைப் பற்றியா... "காலைல பதினோரு மணி இருக்கும். ஏதாவதுன்னா ஓடறதுக்குன்னு ரிப்பன் கட்டி வச்சோம்ல, அந்த வழில ரெண்டு மரம் குறுக்க விழுந்து கெடந்துச்சு. வெட்டி ஒதுக்கட்டான்னு ரேடியோவுல கேட்டேன். பாஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? 'கேட்டுச்சு.' சரி, ரம்பத்தோட ஆள் அனுப்புவாங்கன்னு நானும் இருந்துட்டேன். நாலு மணிக்கு அந்த மரத்துமேலயே போய் விழுந்தேன்." "மரத்துக்கு அடி ஒண்ணும் இல்லயே?" என்றான் வட்டத்தில் நின்ற கார்பின். "இல்லப்பா, அதுக்கும் ரெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்களாம்" என்றான் வெர்ன், எல்லாரும் சிரித்தார்கள், வெர்னும் சிரித்தான்.

பதினோரு மணி... பதினோரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாள், நினைவே இல்லை, அப்படி ஒரு வார்த்தை ரேடியோவில் வந்ததா, வந்திருக்கும், ரம்பம் மழுங்கிப் போயிருந்தது, மதியத்துக்குள் பாறைவரை கோடு போய்ச் சேர வேண்டும், தலைக்கு மேல் வேலை, ஒவ்வொருத்தன் சொல்வதற்கும் ஓடினால் கோடு யார் வெட்டுவது, அவனே வெட்டிப் போட்டிருக்கலாமே, இருபது வருடம் கூரை பிரித்தவனுக்கு இரண்டு மரம் பெரிய காரியமா, சரி, சொல்வதுதான் சொல்கிறான், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன, இருபது பேர் நடுவிலா... முகம் கொதித்தது. லீவு முடிந்து வந்ததும் இவனை நெருப்பின் வால்பக்கம் போட்டுவிடலாம், அணைந்த இடத்தில் சாம்பல் கிளறட்டும், முழங்காலுக்கும் நல்லது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்... அந்த யோசனை எவ்வளவு தன்மையாக, எவ்வளவு அக்கறையாக வந்து உட்கார்ந்தது என்று பார்த்து அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கொட்டகைக்காரனுக்கும் இப்படித்தான் வந்திருக்குமா, ஓபெலியாவின் கண்ணுக்கு ஓய்வு நல்லது என்று...

"யெசி, உன் முறை." பேனா நோட்டின் மேல் நிற்கிறது. மரத்தை முதலில் சொன்னால் மேட்டைப் பற்றிச் சொல்ல வாய் ஏது, மேட்டை முதலில் சொன்னால் உன் மரம் என்ன ஆச்சு என்பார்கள், எப்படிப் பார்த்தாலும்... ஆறு மணிக்கு அதே பள்ளம். "ரெண்டு மணிக்கு நான் சொன்னதை நீங்க கேக்கல ரஸ்" என்றாள், நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. "மேட்டுல நிக்கிற ஆளை நகர்த்தச் சொன்னேன். நகர்த்தல. சாகப் பாத்தோம். வெர்ன் சொன்னதும் நெசம், மரத்தை நான்தான் விட்டேன், அதுக்காக இது இல்லன்னு ஆயிடாது." ரஸ்ஸின் கழுத்து நரம்பு எழும்பி அடங்கியது. "கேட்டு..." என்று ஆரம்பித்தார், வாயை மூடிக்கொண்டார். பிறகு, "நாளைக்கு எங்க நிறுத்தலாம்?" என்றார், எரிச்சலோடுதான், மரியாதை எதுவும் இல்லாமல்தான், ஆனால் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு. கிழக்குப் பாறை என்றாள். எழுதினார்.

அவ்வளவுதானா, இவ்வளவு நேரம் பயந்தது இதற்குத்தானா... சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. வட்டம் கலைந்து, கவசங்களை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்கு நடந்தார்கள். அவளுடைய ஆறு பேர், ஜூலையில் லாரிக்குப் பின்னால் நிறுத்தி அவளும் கேட்டாளே, என்கிட்ட ஏதாவது மாத்தணுமா என்று, ஒன்றும் இல்லை என்றார்கள், ஆறு பேரும், சிரித்த முகத்தோடு, அவளும் நம்பினாள், அன்று ராத்திரி அம்மாவைப் போனில் கூப்பிட்டு, என் ஆளுங்களுக்கு என்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா என்றுகூடச் சொன்னாள், அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, சிக்னல் சரியில்லை என்று நினைத்தாள்... "வெர்ன்" என்று கூப்பிட்டாள். சட்டென்று திரும்பினான், நொண்டிக்கொண்டே வேகமாக வந்தான், கவசத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள், "சும்மா சொன்னேன் பாஸ், மனசுல வச்சுக்காதீங்க, ரெண்டு நாள்ல கால் சரியாயிடும், நாளைக்கே வேலைக்கு வந்துடுவேன்" என்றான், அவளைவிட ஒரு முழம் உயரமானவன், மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தவன், பேசி முடித்த பிறகும் போகாமல் நிற்கிறான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.