பளிச் சார் வாங்கிய வாள்

பளிச் சாரை யாராலும் ஏமாற்ற முடியாது. மற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவரே சொல்லிக்கொள்வார். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். கத்தரிக்கோலின் மூட்டுக்குள் கடுகளவு துரு ஒளிந்திருந்தாலும் வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பிக் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு அதைக் கழுவியவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சுத்தம் பற்றி வகுப்பெடுப்பவரும் அவரே. பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு கூர்மையான மனிதரின் வீட்டில் ஓர் அறை முழுக்க இணைய ஏலத்தில் எடுத்த பழம்பொருட்கள் இருந்தன. எப்படித் திருப்பினாலும் ஜன்னல் பக்கமே வடக்கு என்று சாதிக்கும் கப்பல் திசைகாட்டி. தந்தம் என்று வந்து, வெயில் பட்டதும் பிளாஸ்டிக் வாடை அடித்த சதுரங்கக் காய்கள். அரச மாளிகையில் ஓடியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிகாரம், உள்ளே திறந்தால் பேட்டரி. ஒவ்வொரு பார்சலைப் பிரித்தபோதும் தன் முகத்தில் வழிந்த அசட்டைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் இரண்டு அலமாரி வாங்க வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த ஏலத்தைத் திறப்பார்.

அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு. அவர் மனைவிக்கு வேண்டியிருந்தது அந்தக் கதவுதான். அவர் கணக்கு டீச்சர், கணினி வழியாகப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர். சமையலறை மேசைதான் வகுப்பறை. குளிர்பெட்டி உறுமினால் நிறுத்துவார், பாத்திரம் உருண்டால் மைக்கை மூடுவார், பின்னமும் வட்டியும் எல்லாம் அடங்கிய குரலில்தான். வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அதில் ஓடாத கடிகாரம் குடியிருந்ததுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

அதனால்தான், ஜப்பானில் பல தலைமுறைக்கு முன் அடித்த வாள் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று பளிச் சார் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னபோது டீச்சர் சண்டை போடவில்லை.

“வாங்கிக்கோங்க. ஆனா இதான் கடைசி. அது நிஜமாவே பழசுன்னா ரூம் உங்களுக்கு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். போலின்னா எல்லாத்தையும் காலி பண்ணிட்டு ரூம என்கிட்ட குடுத்துடணும்.”

“பழசா இல்லையான்னு யாரு பாத்து சொல்றது?”

“நீங்க இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

பழைய ஆயுதங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் சொல்வதே தீர்ப்பு என்று முடிவானது.

பளிச் சார் படிக்க உட்கார்ந்தார். வாள் வாங்குவோருக்கான கையேடு ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதைப் படிக்கப் படிக்க, உலகத்தில் இத்தனை திருடர்கள் இருக்கிறார்களா என்று அவருக்கே வியர்த்தது. விரிசல் தெரியாத கோணத்தில் படம் எடுப்பார்கள். தீயில் வெந்து உறுதி போன வாளை மெருகேற்றி விற்பார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் செய்தவர் தன் பெயரை வெட்டியிருப்பார், அங்கே பெரிய கொல்லர் ஒருவரின் பெயரைப் பொய்யாக வெட்டிவைப்பார்கள். விலையை ஏற்றிவிட விற்பவரின் ஆளே எதிரில் நின்று ஏலம் கேட்பான். எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். கடைசி அத்தியாயம் ‘சுத்தம் செய்வது பற்றி’. பளிச் சாருக்குச் சிரிப்பு வந்தது. சுத்தத்தைப் பற்றி எனக்கேவா என்று மூடிவைத்துவிட்டார்.

ஏலம் ஒரு மதிய இடைவேளையில் முடிந்தது. பின்னால் கருவிகள் வேகும் இயந்திரம் நீராவி விட்டுக்கொண்டிருக்க, இவர் கைபேசியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். யாரோ விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தான். அவன் விற்பவரின் மச்சானாகவே இருக்கலாம் என்ற எச்சரிக்கை மூளையில் இருந்தது. விரல்தான் கையேட்டைப் படித்திருக்கவில்லை. கடைசியில் வாள் இவருக்கே விழுந்தது. என்ன விலைக்கு என்று டீச்சரிடமே பாதிதான் சொன்னார், நமக்கெதற்கு.

சுங்க அலுவலகத்தில் அனுமதித் தாள்களோடு கால்கடுக்க நின்று, ஒருவழியாக வாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மர உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அலகு முழுக்க மெல்லிய மேகம் படிந்த மாதிரி ஒரு வரி ஓடியது. திசைகாட்டியையும் சதுரங்கக் காய்களையும் வாங்கிய ஆளுக்கு இப்படி ஒரு பொருளா என்று தோன்றியது. பிறகு பிடியில் இருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினார்.

உள்ளே துரு. கறுத்து, தடித்து, அடிப்பகுதி முழுக்க அப்பியிருந்தது. அதற்கு நடுவில் மங்கலாகச் சில எழுத்துகள்.

பளிச் சார் கைபேசியை எடுத்தார். உடனே விற்றவருக்குக் காரசாரமாக ஒரு செய்தி அனுப்பினார். பதில் பணிவாக வந்தது: ‘நான் மறைக்கவில்லை, படத்திலேயே இருக்கிறது. அது அழுக்கல்ல, வாளின் வயது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.’

“பாத்தியா?” என்று கைபேசியை டீச்சரிடம் நீட்டினார். “துருவத் தொடாதேங்கறான். தொட்டா குட்டு வெளிப்பட்டுடும்ல. யார் காதுல பூ சுத்தறான்?”

“தொடாதீங்கன்னு அவர்தான் சொல்றாரே. அந்தம்மா பாக்கற வரைக்கும் அப்படியே இருந்தா என்ன?”

“துருவோட ஒரு பொருள நான் வெளிய எடுத்துட்டுப் போறதா? பளிச் சார் கொண்டுவந்ததுன்னு நாளைக்கு நாலு பேர் சிரிக்கணுமா?”

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் வேலை தொடங்கியது. முதலில் ஊறவைத்தல், பிறகு பசை, பிறகு தூரிகை, அடம்பிடித்த இடங்களுக்கு உப்புத்தாள். அவர் வகுப்பில் சொல்லித்தரும் வரிசை, ஒரு படி தவறவில்லை. துரு கரைந்து ஓட ஓட அவருக்கு உச்சி குளிர்ந்தது. எழுத்துகளும் கூடவே தேய்ந்தன. உண்மையான கையெழுத்தாக இருந்தால் இவ்வளவு லேசில் போகுமா என்று தன்னையே மெச்சிக்கொண்டார். முடித்தபோது அந்த இரும்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். உண்மையிலேயே வாரிக்கொண்டார். பிறகு விற்றவருக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘பராமரிப்பு போதாது’ என்று எழுதிவைத்தார்.

மதிப்பீட்டு அம்மாள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வாளை வைத்து, விளக்கின் கீழ் நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. “எங்க புடிச்சீங்க இத? ரொம்ப நல்ல வேலைப்பாடுங்க,” என்றார். பளிச் சார் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். அம்மாள் மூங்கில் ஆணியை எடுத்து, பிடியைக் கழற்றினார்.

பளபளத்த இரும்பைப் பார்த்ததும் மலர்ந்த முகம் சுருங்கியது.

“இது யாரு பண்ண வேல?”

“வித்தவர்தான் பண்ணிருப்பாருன்னு…” என்று பளிச் சார் இழுத்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று சொல்லும்போதே புரியவில்லை.

“அப்ப விடாதீங்க அவர. ஏலத்துல போட்ட படம் இருக்குமே, காட்டுங்க.”

காட்டாமல் தப்ப வழியில்லை. படத்தில் கறுத்த அடிப்பகுதி, மங்கலான எழுத்துகளோடு, தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. அம்மாள் படத்தைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், கடைசியில் பளிச் சாரின் நகங்களைப் பார்த்தார். இன்னும் இடுக்கில் பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“வாள் ஒரிஜினல்தாங்க,” என்றார் மெதுவாக. “அலகப் பாத்தாலே தெரியுது. ஆனா எந்தக் காலம்னு அந்தத் துருவோட நிறத்த வெச்சுத்தான் சொல்லுவோம். செஞ்சவர் பேரும் அங்கதான் இருந்திருக்கு. பொறந்த சர்டிபிகேட்ட சோப்புப் போட்டுத் தோச்சிட்டீங்க.”

“சரி பண்ண முடியாதாங்க?”

“முடியுமே. துரு தானா வரும். ஒரு முந்நூறு வருஷம் பொறுமையா இருக்கணும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் வாள் மடியில் கனத்தது. கையேட்டில் அத்தனை திருடர்களையும் படித்து வைத்திருந்தார், வாங்குகிறவனைப் பற்றித்தான் யாரும் எச்சரிக்கவில்லை என்று நினைத்தார். நினைத்தவுடனே அதுவும் பொய் என்று உறைத்தது. அதற்குத்தான் கடைசி அத்தியாயமே எழுதியிருந்தார்கள். விற்றவரும் கெஞ்சிக் கேட்டிருந்தார். ஒரு நல்ல மனிதருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டதை நினைத்தபோது உடம்பு கூசியது.

சமையலறையில் இரண்டு வகுப்புகளுக்கு இடையில் டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“போலியா?”

“இல்ல. ஒரிஜினல்னு சொல்லிட்டாங்க.”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “நல்லதாப் போச்சு. சொன்னா சொன்னதுதான், ரூம் உங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு, குளிர்பெட்டியை விட்டுத் தள்ளி உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பளிச் சார் அங்கேயே நின்றார். இதோடு வாயை மூடிக்கொண்டால் அறை கையில். பந்தயம் ஒரிஜினலா போலியா என்பதுதான், பளிச்சென்று இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி தரையில் உரசிய சத்தம் அவரை என்னவோ செய்தது.

“ஆனா ஏமாந்துட்டேன்,” என்றார்.

“ஒரிஜினல்னீங்க? யாரு ஏமாத்துனா?”

“ஆளு வீட்டுலயேதான் இருக்கான்.”

பிடியைக் கழற்றிக் காட்டினார். துருவிலிருந்து முந்நூறு வருஷம் வரை எல்லாவற்றையும் சொன்னார், தலை வாரிக்கொண்டதைக்கூட. டீச்சர் கடைசிவரை அடக்கிப் பார்த்தார். தலை வாரிய இடத்தில் தாங்க முடியாமல் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். பளிச் சாருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

அன்றே அவர் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பெட்டியில் போட்டுக் கட்டினார். வாளை எடுக்கப் போனபோது டீச்சர் தடுத்தார். “அது இங்கேயே இருக்கட்டும். பாவம், அது என்ன தப்புப் பண்ணுச்சு.”

மறுநாள் டீச்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பளிச் சார் சமையலறை மேசையில் உட்கார்ந்து, விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதி, நட்சத்திரங்களை ஐந்தாக்கப் போனார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நல்ல கணீர்க் குரல், பிள்ளைகளை அதட்டியது, கேலி செய்தது, விடை சரியாக வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் எழுந்தே விட்டார். இத்தனை வருஷத்தில் டீச்சர் வாய்விட்டுப் பாடம் நடத்தும் குரலை அவர் கேட்டதே இல்லை.