அழித்தவற்றின் பட்டியல்

அவளுடைய மெயில் பெட்டிக்குள் ஒரு கொசுகூட அனுமதியில்லாமல் நுழைய முடியாது. முடி வளர்க்கும் எண்ணெய்க்காரர்கள், பரிசு விழுந்திருப்பதாகச் சொல்பவர்கள், மூன்றே நாளில் தொப்பையைக் கரைப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கணினியில் ஒரு வடிகட்டி போட்டு வைத்திருந்தாள். இன்ன சொல் வந்தால் குப்பைக்குப் போ, இன்ன ஆளிடமிருந்து வந்தால் அழிந்து போ. மொத்தம் நாற்பத்து மூன்று வடிகட்டிகள். இந்த நிர்வாகத் திறமையைப் பாராட்டத்தான் வீட்டில் ஓர் ஆள் இல்லை.

வேலையும் அப்படிப்பட்டதுதான். புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் வருமே, அந்தச் சொல்லடைவைத் தயாரித்துக் கொடுப்பவள். பக்கங்கள் மெயிலில் வரும், மெயிலில் போகும். சில வாரங்களில் அவள் வாய்விட்டுப் பேசுவது பால்காரரிடம், "நாளைக்கு ஒண்ணு போதும்" என்பது மட்டும்தான். தனிமை பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். பழகவெல்லாம் இல்லை.

அன்று மதியம் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், தேனீ புத்தகத்தோட பக்கங்கள ரெண்டு தடவை அனுப்பிட்டேன். ஒரு பதிலும் காணோமே?"

"எனக்கு எதுவும் வரலையே சார்."

"உங்க கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சா பாருங்க."

குப்பைப் பெட்டியில் தேடினாள், இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. எந்த வடிகட்டி எதை எங்கே தள்ளியது என்று கணினி ஒரு பதிவு வைத்திருக்கும். கணினியை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் திறந்ததில்லை. திறந்தாள். தேதி, அனுப்பியவர், தலைப்பு, 'அழிக்கப்பட்டது'. ஒரு மெயிலுக்கு ஒரு வரி. தேனீ அங்கே கிடந்தது. பதிப்பாளர் தலைப்பில் 'இலவசப் பிரதி உண்டு' என்று எழுதித் தொலைத்திருந்தார். மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு மூடப் போனவள், பத்து நாளுக்கு முந்தைய ஒரு வரியில் அண்ணனின் பெயரைப் பார்த்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது அவள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அரை நாள் பொறுத்திருந்தால் கடைசியாக முகத்தைப் பார்த்திருப்பாள். அண்ணன் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் முடித்துவிட்டான். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தாள். அவன் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. அவன் முகவரிக்கு ஒரு வடிகட்டியும் போட்டாள். நாளாக ஆக அது பட்டியலின் அடியில் எங்கோ போய், கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. வடிகட்டி மறந்தது, கோபம் மறக்கவில்லை. யாராவது கேட்டால், "கூடப் பிறந்தவன், ஒரு வார்த்தை எழுதல பாருங்க" என்பாள். தானே கதவைத் தாழிட்டுவிட்டு, யாரும் தட்டவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் மனுஷ ஜன்மத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அண்ணன் பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். சொல்ல வேண்டியதையெல்லாம் தலைப்புக் கட்டத்திலேயே எழுதிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் அனுப்புவான். அந்தக் காலத்தில் அவள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். அதனால்தான் இப்போது, பதிவில் அவன் பெயரைப் போட்டுத் தேடிப் பழையதிலிருந்து பார்த்தபோது, அவன் எழுதியது வரிவரியாக அவள் முன்னால் இருந்தது.

"கோவமா இருக்கே. சரி, ஆறட்டும்."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஐஸ் பெட்டி ஓடல. அப்பாவ அந்தக் கோலத்துல நீ பார்க்க வேண்டாம்னுதான் காத்திருக்கல."

"அம்பது ஆயிடுச்சா கிழவி? நல்லா இரு."

"வியாழக்கிழமை உங்க ஊருக்கு வர்றேன். ஸ்டேஷன் வாசல்ல பத்து மணிக்கு நிப்பேன்."

"ரெண்டு மணி வரைக்கும் நின்னேன். உனக்கு வேலை இருந்திருக்கும். பரவாயில்ல."

ஸ்டேஷன் அவள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. அந்த வியாழக்கிழமை என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலில் கீழே போனாள்.

"என் பொண்ணு திட்றா. லெட்டர உள்ளதான் எழுதணுமாம். இனிமே உள்ளயே எழுதறேன்."

அதற்குப் பிறகு ஒன்பது வரிகள். ஒன்பதிலும் தேதி, அண்ணன் பெயர், 'தலைப்பு இல்லை', 'அழிக்கப்பட்டது'.

எங்கெங்கோ துழாவினாள். அழித்ததை மீட்க வழியே இல்லாதபடி அமைத்திருந்தது அவளேதான். வேறு வழி தெரியாமல், அண்ணனின் பழைய எண்ணுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, நான்தான்."



"கூப்பிட்டுட்டியா," என்றான். குரலில் வயது ஏறியிருந்தது. "நீ கூப்பிடுவேன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுகிட்ட அடிச்சுச் சொல்வேன், உங்க அத்தை பதில் போட மாட்டா, ஆனா ஒண்ணு விடாம படிப்பான்னு. அந்த தைரியத்துலதான் எழுதிட்டே இருந்தேன். வேற யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் எழுதியிருக்கேன். சரி, அது கிடக்கட்டும். கடைசி லெட்டர்ல ஒண்ணு கேட்டிருந்தேனே, அதுக்கு என்ன சொல்றே?"

'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் குளிர்ந்துபோவான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதற்குச் சரி என்றுதான் தெரியவில்லை. இதிலும் அவனை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணா, நான் எதையும் படிக்கல. உன் மெயில் வந்தா தானா அழியற மாதிரி அப்பவே செஞ்சு வெச்சுட்டு, மறந்தே போயிட்டேன். பழைய தலைப்புகள மட்டும் இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"வந்தப்ப ஒண்ணுகூட படிக்கலியா?"

"ஒண்ணுகூட."

 

"அப்ப இத்தனை வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டான்.

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.