ஓரகத்தியின் டேப்லெட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் தோழியும் கதை எழுதுகிறவள்தான். போன வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டே ஒரு கதையை முடித்துவிட்டாளாம். "இனிமே லேப்டாப்பே வேண்டாம்டி, தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்" என்றாள். என் லேப்டாப்போ வயரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும். அதன் முன்னால் உட்கார்ந்து, அவளை மட்டம் தட்ட ஒரு கட்டுரை ஆரம்பித்தேன்:

அன்றாட வேலைக்கு டேப்லெட் போதுமா என்ற கேள்வியை நடுநிலையோடு அணுகினால்...

நடுநிலையாவது மண்ணாவது! அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் ஒரு வீட்டின் மூத்த மருமகள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துவது அவள் வேலை. சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை அவளுடையது. லேப்டாப் திரையில் இடப்பக்கம் மூலப்பிரதி, வலப்பக்கம் மெய்ப்பு. அதன் விசிறி போடும் இரைச்சலுக்கு மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

இளைய மருமகள் வந்ததும் தான் வேலை பார்க்கும் பதிப்பகத்திலேயே அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். (இதை யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது.) இளையவள் ஒரு டேப்லெட் வாங்கினாள். பேனாவால் திரையிலேயே சுழித்தாள், அடித்தாள், அம்புக்குறி போட்டாள். கட்டிலில் சாய்ந்துகொண்டு வேலை, ஜன்னலோரம் நின்றுகொண்டு வேலை.

"அதுல படம் பாக்கலாம். வேலை பாக்க முடியுமா?" என்றாள் மூத்தவள்.

"எல்லாமே முடியுதுக்கா. நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்களேன்."

"எனக்கெதுக்கு? ரெண்டு ஃபைல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு, திணறும்."

திணறவில்லை. எழுத்துரு உடையும் என்று காத்திருந்தாள். அதுவும் உடையவில்லை. மாமியார் வேறு, "சின்னவ வேலை பாக்கறதே தெரியல, வீடு எவ்ளோ அமைதியா இருக்கு" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

(மூத்தவளை நல்லவளாகக் காட்ட இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால் பொய் வாடை அடித்தது. எடுத்துவிட்டேன்.)

3

பதிப்பாசிரியர் அறிவியல் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை மட்டும் இளையவளிடம் கொடுத்தார். அதில் பிழை எதுவும் தப்பாவிட்டால், வருஷா வருஷம் மூத்தவள் பார்த்துவந்த அந்தப் புத்தகம் முழுவதும் இனி இளையவளுக்கு. மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிற்பகலில் இளையவள் வேலையை முடித்துவிட்டு, டேப்லெட்டை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். போர்வை மடிக்கிற சாக்கில் மூத்தவள் உள்ளே நுழைந்தாள். திரையில் இரண்டு படங்கள். நுரையீரலுக்குக் கீழே 'சிறுநீரகம்', சிறுநீரகத்துக்குக் கீழே 'நுரையீரல்'. பெயர்களை இடம் மாற்றச் சொல்லி இளையவள் சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள். மூத்தவள் எழுத்தைத்தான் பார்ப்பாள், படத்தைப் பார்க்கவே மாட்டாள். தன் கண்ணில் இது பட்டிருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வயிறு பற்றி எரிந்தது.

அழித்தால் எப்படி அழியும், பார்ப்போமே! பேனாவை எடுத்துத் தேய்த்தாள். அம்புக்குறி இருந்த இடம் தெரியாமல் போனது. அடேயப்பா, என்ன ஒரு சுகம்! பயமே இல்லை அவளுக்கு. மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும், 'வேண்டாம்' என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இத்தனை வருஷமாக அவள் லேப்டாப் அப்படித்தான் கேட்டுவருகிறது.

ஃபைலை மூடினாள். டேப்லெட் எதுவும் கேட்கவில்லை. வரைந்ததையும் அழித்ததையும் அந்த நிமிஷமே தானாகச் சேமித்துவிடுகிற ரகம் அது. (தோழிக்கு ஃபோன் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.)

குளியலறைக் கதவு திறந்தது. மூத்தவள் பதறிப்போய் உறையைச் சாத்தினாள். திரை பூட்டிக்கொண்டது. இனி இளையவளின் விரல் பட்டால்தான் திறக்கும்.

4

முடிவு ஒன்று: மூத்தவள் உண்மையைச் சொல்லி அழ, இளையவள் கட்டிப்பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரே டேப்லெட்டில்... (என் தோழி இப்படித்தான் முடிப்பாள். பூங்காவில் உட்கார்ந்து எழுதினால் வேறென்ன வரும்?)

முடிவு இரண்டு: மூத்தவள் வாயே திறக்கவில்லை. பிழை தப்பிப்போனது, புத்தகம் அவளிடமே திரும்பி வந்தது. இதை எழுதும்போது விரல்கள் ஓடிய வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

அதனால் நடந்தவரைக்கும் சொல்கிறேன். இளையவள் ஈரத்தலையோடு வந்து விரலை வைத்தாள். திரை திறந்தது.

"முடிச்சிட்டேன்க்கா. ஆனா நீங்க பாக்காம அனுப்ப மனசு வரல. ஒரு தடவ பாத்துடுங்களேன். நான் தலைய துவட்டிட்டு வந்துடறேன்."

டேப்லெட்டையும் பேனாவையும் மூத்தவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்கு இனி வேலையில்லை. ஒரே ஓர் அம்புக்குறி. திரும்பப் போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. புத்தகம்தான் கையை விட்டுப் போய்விடும்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று அங்கிருந்து குரல் வருகிறது.

இதற்குமேல் என்னை நம்பாதீர்கள். நான் எழுதினால் அவள் வரைய மாட்டாள். வரைவதானால் நீங்கள்தான் வரைய வேண்டும்.